அம்பாசிடர் இரும்பா, புதுக் கார் தகரமா? காருக்கு நசுங்கக் கற்றுக்கொடுத்த பேலா பாரெனியின் கதை

கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்து கார் பேச்சை எடுத்தாலும் சரி, பத்து நிமிஷத்துக்குள் அம்பாசிடர் வந்து நிற்கும். வேலூர் - திருவண்ணாமலை ரோட்டில், பட்டுச்சேலைக் கட்டுகளை டிக்கியில் அடுக்கி, முன்னால் மூணு பேர், பின்னால் அஞ்சு பேர் என்று ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி அது. மாட்டுவண்டியில் மோதினாலும், புளியமரத்தில் உரசினாலும், பம்பரைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரும். இப்போது வருகிற கார்களோ, ரிவர்ஸ் எடுக்கும்போது திண்ணையைத் தொட்டாலே அப்பளமாக நொறுங்குகின்றன. அது இரும்பு, இது தகரம். தீர்ப்பு முடிந்தது.

இப்படித் தீர்ப்புச் சொல்கிற ஒரு மாமாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டிலும் கட்டாயம் இருப்பார். அவரைக் கிண்டல் பண்ணாதீங்க. கண்ணால் பார்த்ததைத்தான் அவர் சொல்கிறார். மெதுவாகப் போகும்போது இடித்தால் பழைய வண்டிக்குச் செலவு குறைவு என்பது நிஜம்தான். ஆனால் அவர் கணக்குப் போடுவது வண்டிக்கு. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்செலும்புக்கும் கழுத்துக்கும் என்ன ஆகும் என்ற கணக்கு வேற. வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், இந்த இரண்டு கணக்கும் நேர் எதிராகப் போகும்.

அந்த இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்த்து, கார் நசுங்கினால்தான் ஆள் பிழைப்பார் என்று வரைபடம் போட்டுக் காட்டியவர் பேலா பாரெனி. ஆஸ்திரியாவில் பிறந்து ஜெர்மனியில் வேலை பார்த்த இன்ஜினீயர். அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவர் பெயரை நீங்கள் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆனால் இன்று உங்கள் வாசலில் நிற்கும் கார் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், அதன் பானட்டுக்குக் கீழே அவருடைய யோசனை மடிந்து உட்கார்ந்திருக்கிறது.

மட்டையோடு விழும் தேங்காய்

அவர் கதைக்குப் போவதற்கு முன்னால், ஒரு தென்னந்தோப்புக்குப் போய்விட்டு வரலாம். மரத்திலிருந்து மட்டையோடு ஒரு தேங்காய் விழுகிறது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் காய்க்கு ஒண்ணும் ஆகாது. அதே தேங்காயை உரித்துவிட்டு அதே உயரத்திலிருந்து போட்டால்? ஓடு சிதறிவிடும். மட்டை மெத்தென்று இருப்பதால், தரையில் பட்டதும் அது அமுங்கிக்கொடுத்து அடியைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஓடு கெட்டியாக இருப்பதால் உள்ளே இருக்கும் பருப்புக்குச் சேதமில்லை. வெளியே அமுங்க ஒன்று, உள்ளே அமுங்காத ஒன்று. ரெண்டும் சேர்ந்தால்தான் வேலைக்கு ஆகும்.

இப்போது காருக்கு வருவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் கான்கிரீட் சுவரில் மோதுவது, கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூணாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். காரின் முன்பக்கம் அசையாத இரும்பாக இருந்து, 15 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் 70 கிலோ ஆள்மேல் அந்தக் கணத்தில் விழும் விசை சராசரியாக நாலரை டன் பாரத்துக்குச் சமம். அதே முன்பக்கம் 60 சென்டிமீட்டர் மடிந்துகொடுத்தால், அது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதுவும் சாதாரண அடி இல்லை. விலாவில் வலி இருக்கும், பெல்ட் பதிந்த தடம் நாலு நாள் போகாது. ஆனால் ஆள் எழுந்து நடப்பார்.

கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கிறவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிக்கிறார் இல்லையா, அதே சமாச்சாரம்தான். நின்றுபோவதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ, அவ்வளவுக்கு அடி குறையும். பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிற விஷயம். ஆனாலும் கார் கம்பெனிகள் அரை நூற்றாண்டு காலம் இதற்கு நேர் எதிராகத்தான் கார் கட்டிக்கொண்டிருந்தன. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பத்திரம் என்பதுதான் எல்லா டிசைனர்களின் எண்ணமும். நம்ம மாமாவும் அவர்களும் ஒரே கட்சி.

பணக்கார வீட்டுப் பிள்ளை, ஃபீஸ் கட்ட முடியாத மாணவன்

பேலா பாரெனி 1907 மார்ச் 1-ம் தேதி, வியன்னாவுக்குப் பக்கத்தில் ஹிர்ட்டன்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியா - ஹங்கேரி சாம்ராஜ்யம். அம்மா வழியில் பெரிய தொழிலதிபர் குடும்பம். அப்பா ராணுவ அதிகாரி. கார் என்பதே அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் ஆஸ்ட்ரோ - டெய்ம்லர் கார் நின்றது. சின்னப் பையனுக்கு அந்த வண்டிமேல் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. அப்பா போரில் இறந்தார். 1918-ல் சாம்ராஜ்யமும் உடைந்தது. குடும்பத்தின் சொத்தும் கரைந்தது. பள்ளிக்கு ஃபீஸ் கட்டக்கூட வழியில்லாமல் படிப்பைப் பாதியில் நிறுத்தவேண்டிய நிலை. நெசவுக் குடும்பங்களில் பாவு ஓடாத வருஷம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. எப்படியோ சமாளித்து, வியன்னாவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தார்.

அங்கே மாணவராக இருந்தபோது, 1925-ல், சாதாரண மக்கள் வாங்கக்கூடிய ஒரு காரை வரைந்தார். இன்ஜின் பின்பக்கம், காற்றால் குளிர்வது, உருண்டையான உடம்பு. படித்தவுடன் உங்களுக்கு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஞாபகம் வருகிறதா? வரணும். பீட்டில் கார் உலகத்துக்குத் தெரியவந்தது ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் படைப்பாகத்தான். அதன் அடிப்படை அமைப்பை முன்கூட்டியே யோசித்தவர் பாரெனி என்பதை ஜெர்மன் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 1950-களின் நடுப்பகுதி ஆயிற்று. அதற்குள் பீட்டில் லட்சக்கணக்கில் ஓட ஆரம்பித்திருந்தது. அதில் அவருக்குக் கிடைத்தது பெயர் மட்டும்தான்.

படிப்பு முடிந்ததும் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஒரு கம்பெனி மாற்றி ஒரு கம்பெனியாக வேலை. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த 1930-கள் அது. நிரந்தர வேலை என்று ஒன்று அமையவே இல்லை.

எல்லாம் தப்பு என்று சொல்லி வேலை வாங்கியவர்

1939-ல் டெய்ம்லர் - பென்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பித்தார். மெர்சிடிஸ் கார்களைச் செய்கிற அதே கம்பெனிதான். முதல் தடவை வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி முயன்றதில், நிர்வாகத்தில் இருந்த வில்ஹெல்ம் ஹாஸ்பெல் என்பவரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது.

இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லி அனுப்புவோம்? கேட்டதற்குப் பதில் சொல், அதிகம் பேசாதே, கம்பெனியைக் குறை சொல்லாதே. பாரெனி செய்தது எல்லாமே தலைகீழ். மெர்சிடிஸ் கார்களில் என்னென்ன சரியில்லை என்று ஹாஸ்பெல் கேட்க, இவர் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். அச்சு சரியில்லை, ஸ்டீயரிங் ராடு சரியில்லை, ஸ்டீயரிங் வீல் சரியில்லை, பாடி கட்டுகிற விதமே சரியில்லை. ஜெர்மனியின் பெருமை என்று கருதப்பட்ட காரில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஹாஸ்பெல் கோபப்படவில்லை. பதினைந்து இருபது வருஷம் முன்னால் யோசிக்கிற ஓர் ஆள் கம்பெனிக்கு வேண்டும் என்று முடிவு பண்ணி அங்கேயே வேலை கொடுத்ததாக அந்தக் கம்பெனியின் வரலாறு சொல்கிறது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பாரெனிக்குச் சமமான இன்னொரு ஆள் ஹாஸ்பெல்தான். தன் சரக்கைக் குறை சொல்பவனுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க எத்தனை முதலாளிகளுக்கு மனசு வரும்?

சிண்டெல்ஃபிங்கன் ஆலையில் வேலை. அந்த வருஷமே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. சொந்தக் கார் என்ற பேச்சே நின்றுபோனது. ஆலைமீது குண்டு விழுந்தது. ஆனாலும் வரைபடங்கள் நிற்கவில்லை. போர் முடிந்த சமயத்தில் அவர் வரைந்த கார்களைப் பார்த்தால் இன்றைக்கும் விசித்திரமாக இருக்கும். முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாக, நடுவில் ஆட்கள் உட்கார ஒரு கூடு. மூணு துண்டாகச் சேர்த்த வண்டி. முன்னும் பின்னும் என்ன ஆனாலும் நடுக்கூடு மட்டும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த வண்டிகள் எதுவும் ரோட்டுக்கு வரவில்லை. ஆனால் அந்த மூணு துண்டுக் கணக்கு அவர் மண்டையை விட்டுப் போகவும் இல்லை.

1951: காகிதத்தில் பிறந்த மட்டை

1951 ஜனவரி 23-ம் தேதி டெய்ம்லர் - பென்ஸ் சார்பில் ஒரு காப்புரிமை விண்ணப்பம் போனது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் உரிமை கிடைத்தது. எண் 854157. கார் வரலாற்றில் இவ்வளவு உயிரைக் காப்பாற்றிய காகிதங்கள் மிகச் சிலதான். அதில் இருந்தது இவ்வளவுதான்: காரின் நடுப்பகுதி முறுக்காத, நசுங்காத கூடாக இருக்கவேண்டும். அங்கிருந்து முன்னால் போகப் போகவும், பின்னால் போகப் போகவும், உறுதி படிப்படியாகக் குறையவேண்டும். மோதினால் மூக்கும் வாலும் மடியட்டும். தேங்காய் மட்டை!

மடிய வேண்டும் என்றால் தகரத்தை மெலிதாக்கி விட்டுவிடுவது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் வேலையே. காருக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்கள் நடுவில் நேராக, கெட்டியாக இருக்கும். முன்னும் பின்னும் அதே சட்டங்களை வளைவாகச் செய்வார்கள். நேரான குச்சியை இருமுனையிலும் பிடித்து அழுத்தினால் எதிர்த்து நிற்கும். வளைந்த குச்சி எந்த இடத்தில் மடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எங்கே மடியவேண்டும், எதற்கு அடுத்து எது மடியவேண்டும் என்பதை வரைபடப் பலகையிலேயே தீர்மானித்துவிட்டார் மனுஷன். விபத்தை ஒரு வேலை மாதிரி, முதல்ல இது, அப்புறம் இது என்று வரிசைப்படுத்தி வைத்தார்.

இதை விற்பது சுலபமாக இல்லை. அந்தக் காலத்தில் கார் கம்பெனிகள் விபத்து என்ற சொல்லையே வாயில் எடுக்கத் தயங்கின. புதுக் கார் வாங்க வந்தவரிடம், இது இடித்தால் அழகாக நசுங்கும் சார் என்று எந்த விற்பனையாளர் சொல்வார்? நல்ல நாளில் வண்டி எடுக்கும்போது எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறெதுவும் நசுங்குவதைப் பற்றி நாமும்தான் பேசுவதில்லை.

காகிதத்திலிருந்து ரோட்டுக்கு வர எட்டு வருஷம் ஆனது. 1959-ல் வந்த மெர்சிடிஸ் 220 வரிசைக் கார்தான் இந்த யோசனை முழுசாக அமைந்த முதல் கார். பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கைகள் இருக்கும். ஜெர்மன்காரர்கள் செல்லமாக வால்துடுப்பு என்றே கூப்பிட்டார்கள். பத்திரிகைகள் அந்தத் துடுப்பைப் பற்றித்தான் எழுதின. உள்ளே டாஷ்போர்டுக்கு மெத்தை, ஸ்டீயரிங் நடுவில் பெரிய பஞ்சு வட்டு, மோதும்போது தானாகத் திறந்துகொள்ளாத கதவுப் பூட்டு. கதவு திறக்காமல் இருப்பது சின்ன விஷயமில்லை. பழைய கார்களில் கதவு பிய்த்துக்கொண்டு ஆள் வெளியே விழுந்து இறந்தது ரொம்ப சகஜம்.

அதே 1959 செப்டம்பர் 10-ம் தேதி, சிண்டெல்ஃபிங்கனில் ஒரு காரை வேண்டுமென்றே கெட்டியான தடுப்பில் மோதவிட்டார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1930-களிலேயே இப்படிச் செய்து பார்த்திருக்கிறது. ஆனால் டெய்ம்லர் - பென்ஸுக்கு அதுதான் முதல் மோதல் சோதனை. காரை இழுக்க, கிளைடர் விமானத்தைக் கிளப்புகிற கயிற்று இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். அது போதவில்லை என்று, பிற்பாடு கொதிநீர் ஆவியில் சீறிக் கிளம்பும் ஒரு ராக்கெட்டை வண்டிக்குப் பின்னால் மாட்டி முடுக்கினார்கள். சாய்வுப் பலகையில் ஏற்றி வண்டியை உருட்டியும் பார்த்தார்கள். அன்றைய படங்களைப் பார்த்தால் திருவிழாவில் மரணக் கிணறு காட்டுகிற மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே 1959-ல்தான் ஸ்வீடனில் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின், தோளிலும் இடுப்பிலும் சேர்த்துக் கட்டும் மூன்று முனை சீட் பெல்ட்டைக் காரில் கொண்டுவந்தார். அதை எல்லாக் கம்பெனிகளும் இலவசமாகப் பயன்படுத்த வால்வோ திறந்துவிட்டது. பாரெனியின் மட்டைக்கும் போலினின் பெல்ட்டுக்கும் ஒன்றில்லாமல் இன்னொன்று இல்லை. பெல்ட் போடாத ஆளுக்குக் காரின் மூக்கு 60 சென்டிமீட்டர் மடிந்து என்ன பயன்? கார் நிற்கும், அவர் நிற்கமாட்டார். அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஸ்டீயரிங்கில் மோதி, நாலைந்து சென்டிமீட்டரில் நிற்பார்.

நம்ம ரோட்டுக்கு வந்தது லாரி மட்டும்

அந்தச் சமயத்தில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து, 1950-களின் கடைசியில் அம்பாசிடர் வந்தது. இன்ஜின் மாறியது, கிரில் மாறியது, ஏசி வந்தது. அடிப்படை உடம்பு கிட்டத்தட்ட அப்படியே 2014 வரை ஓடியது. வேடிக்கை என்னவென்றால், பாரெனி வேலை பார்த்த டெய்ம்லர் - பென்ஸ் 1954-லிருந்தே டாடாவோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்துகொண்டிருந்தது. நம்ம பெரியவர்கள் பென்ஸ் லாரி என்று சொன்னது அதைத்தான். கம்பெனியின் லாரி வந்தது. அந்தக் கம்பெனியின் ஒரு மூலையில் உட்கார்ந்து இவர் யோசித்தது மட்டும் நமக்கு வந்துசேர நாற்பது ஐம்பது வருஷம் ஆனது.

இங்கே மாமாவுக்கு ஒரு தகவல். அம்பாசிடர் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கனமும் கிடையாது. இன்றைக்கு ஓடுகிற பல சின்ன எஸ்யூவிகள் அதைவிட எடை அதிகம். அதன் தகரம் தடிமன், பம்பர் நிஜமான இரும்பு, அதனால் தட்டினால் கணீரென்று கேட்கும். அந்தச் சத்தத்தைத்தான் நாம் பலம் என்று எடுத்துக்கொண்டோம்.

பழைய கார்களில் இன்னொரு எமன் ஸ்டீயரிங் ராடு. பெரும்பாலும் ஒரே நீளக் கம்பி. முன்பக்கம் அடி வாங்கினால் அந்தக் கம்பி அப்படியே பின்னால் தள்ளப்பட்டு, ஈட்டி மாதிரி டிரைவரின் நெஞ்சுக்கு வரும். வண்டிக்கு வெளியே பெரிய சேதம் தெரியாது, டிரைவர் மட்டும் இறந்திருப்பார். பாரெனி 1939 இன்டர்வியூவிலேயே குறை சொன்ன விஷயம் இது. ஒருபக்கம் தள்ளினால் துண்டுதுண்டாக மடிந்து விலகிக்கொள்ளும் பாதுகாப்பு ஸ்டீயரிங் தண்டுக்கு 1963-ல் காப்புரிமை வாங்கினார். அது முழுசாகக் காரில் ஏறியது 1976-ல். அப்போது அவர் ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. ஹாஸ்பெல் போட்ட பதினைந்து இருபது வருஷக் கணக்கையும் தாண்டி, சொன்னதிலிருந்து 37 வருஷம்!

1966-ல் அவரும் கம்பெனியின் ஹான்ஸ் ஷெரன்பெர்கும் சேர்ந்து கார் பாதுகாப்பை இரண்டாகப் பிரித்தார்கள். விபத்தே நடக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்று: பிரேக், டயர், வெளிச்சம். நடந்துவிட்டால் ஆளைக் காப்பது இன்னொன்று: கூடு, பெல்ட், மடியும் மூக்கு. இன்று உலகம் முழுக்க இன்ஜினீயர்கள் இந்தப் பிரிவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

1972 வரை வேலை பார்த்தார். அவர் பெயரில் 2,500-க்கும் அதிகமான காப்புரிமைகள். தாமஸ் ஆல்வா எடிசனுக்கு அமெரிக்காவில் இருந்தது 1,093. 1994-ல் அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1997 மே 30-ம் தேதி, வேலை பார்த்த ஆலைக்குப் பக்கத்து ஊரான போப்லிங்கனில், தொண்ணூறு வயதில் இறந்தார். அதே வருஷம் பிப்ரவரியில்தான் யூரோ என்கேப் அமைப்பு கார்களை மோதவிட்டுத் தன் முதல் மதிப்பெண்களை வெளியிட்டிருந்தது. கடையில் கார் வாங்க வருபவர் மைலேஜோடு சேர்த்து நட்சத்திரத்தையும் கேட்கிற காலம் தொடங்கியதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரும்பும் தகரமும் நேருக்கு நேர்

டீக்கடை விவாதத்துக்கு நிஜமாகவே ஒரு பதில் இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி ஒரு காரியம் செய்தது. 1959 மாடல் செவர்லே பெல் ஏர் ஒன்றையும், 2009 மாடல் செவர்லே மாலிபு ஒன்றையும் எதிரெதிரே ஓடவிட்டு, ஆளுக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் பாதி முகம் மோதவைத்தது. எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பெல் ஏர் என்றால் பார்க்கவே கப்பல் மாதிரி, நம்ம அம்பாசிடர் அதன் முன்னால் பொம்மை.

மோதிய அடுத்த நொடி, பெல் ஏரின் ஆள் உட்காரும் இடம் உள்ளே ஒடிந்து விழுந்தது. முன்கண்ணாடி பிய்ந்து போனது. ஸ்டீயரிங் பின்னால் வந்து பொம்மை டிரைவரை அடித்தது. நிஜ ஆளாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் மூக்கு காணாமலே போனது. ஆனால் கூடு அப்படியே நின்றது. அதன் டிரைவருக்குக் கால் பக்கம் அடி, அவ்வளவுதான். வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. மாமாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். அழகான ஒரு பழைய வண்டியை இப்படி வீணாக்கலாமா என்று அவர் வருத்தப்படுவார். அதுவும் நியாயம்தான்.

இதற்காகப் புதுசு என்றாலே பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் பிரபலமான ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை மோதவிட்டது. ஐந்துக்கும் பூஜ்யம். அதில் இரண்டு நம்ம சென்னைக்குப் பக்கத்தில் செய்தவை. சிலவற்றில் மூக்கு மடிந்தது, கூடவே கூடும் மடிந்தது. மட்டை இருந்து ஓடு இல்லாத தேங்காய்! அப்புறம்தான் இங்கே வேகம் பிடித்தது. 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயம். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் ஆனது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்ற நம்முடைய சொந்த மதிப்பெண் முறையே வந்துவிட்டது. கார்களை மோதவிட்டுப் பார்க்க, சென்னையை ஒட்டிய ஒரகடத்திலேயே பெரிய சோதனைக்கூடம் இருக்கிறது.

நீங்கள் கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், நட்சத்திர எண்ணிக்கையோடு நிற்காமல், குளோபல் என்கேப் அறிக்கையில் ஆள் உட்காரும் கூடு நிலையாக இருந்ததா, நிலைகுலைந்ததா என்ற ஒரு வரியையும் தேடிப் பாருங்கள். பாரெனி உயிரோடு இருந்தால் அதைத்தான் முதலில் படிப்பார்.

நாமே கெடுத்துக்கொள்வது

கண்ணமங்கலத்திலிருந்து பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிற கார்களையும், கல்யாணச் சீசனில் பட்டு எடுக்க ஆரணி வருகிற கார்களையும் ஒருநாள் ரோட்டோரம் நின்று பாருங்கள். புத்தம் புது வண்டியின் மூக்கில் பளபளவென்று ஒரு குழாய் வளைவு. கிராஷ் கார்டு என்றும் புல் பார் என்றும் கடையில் சொல்லி விற்கிறார்கள். வண்டிக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்ற அக்கறையில் மாட்டுவதுதான். ஆனால் அதை நேராகச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கிவிட்டால், வளைந்து வளைந்து மடியவேண்டிய பகுதியைத் தாண்டி அடி உள்ளே போய்விடும். ஏர்பேக் எப்போது விரியவேண்டும் என்று கண்டுபிடிக்கிற சென்சாரும் குழம்பும். ரோட்டில் நடப்பவர்மேல் பட்டால் அவருக்கு எலும்பு மிஞ்சாது. மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கடைகளில் இன்னும் தொங்குகிறது.

அடுத்தது டிங்கரிங். பெரிய விபத்தில் மடிந்த வண்டியை இழுத்து நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரியே வரும். நம்ம ஊர் மேஸ்திரிகளின் கை அப்படி. ஆனால் ஒரு தடவை மடிந்த சட்டம் மறுதடவை முதலில் மடிந்த மாதிரியே மடியும் என்று சொல்ல முடியாது. மடியும் பகுதி ஒரு தடவை பயன்படுத்துகிற சரக்கு. பழைய கார் வாங்கும்போது பானட்டைத் தூக்கி, இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே வரும் ஏப்ரன் தகரத்தைப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் சீரான புள்ளிகளாக இருக்கும். அங்கே பட்டியோ, கோணல்மாணலான வெல்டிங்கோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசிக்கணும்.

பாரெனியாலும் காப்பாற்ற முடியாத சில இடங்கள் உண்டு. விளக்கில்லாமல் ரோட்டோரம் நிற்கும் லாரியின் பின்னால் கார் புகுந்தால், லாரியின் தளம் காரின் பானட்டுக்கு மேலே, முன்கண்ணாடி உயரத்தில் இருக்கும். மடியவேண்டிய மூக்கு லாரிக்கு அடியில் போய்விடும். அடி நேராகத் தலைக்கு. அதற்குத்தான் லாரிக்குப் பின்னால் தாழ்வாக ஓர் இரும்புத் தடுப்பு இருக்கவேண்டும் என்று விதி. நம்ம ரோட்டில் போகிற லாரிகளில் அது எத்தனையில் உறுதியாக இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கடைசியாகப் பின் சீட்டு. 2022 செப்டம்பரில், மும்பைக்கு வடக்கே பால்கர் பக்கம் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் வந்தது மெர்சிடிஸ் கார். பாரெனியின் கம்பெனி, பாரெனியின் கூடு. முன் சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது.

இன்றைக்கு விற்பனைக்கு வரும் கார்களின் பின் சீட்டிலும் பெல்ட் இருக்கிறது. பல வீடுகளில் அதன் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது அதைத் தோண்டி வெளியே எடுத்து வைங்க. முன்னால் கிராஷ் கார்டு இருந்தால், அதைக் கழற்ற ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.